கூச்சத் துண்டு

இந்த ஆகஸ்ட் மாதம் கடலை விட்டு ஓரடி நகர மாட்டேன் என்று ஜூன் ஒன்பதாம் தேதி காலையில், முகத்தில் பாதி சோப்பு நுரையோடு, குளியலறைக் கண்ணாடி முன்னால் சபதம் செய்தேன். கண்ணாடி மறுத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டில் என்னை மறுத்துப் பேசாதது அது ஒன்றுதான்.

சபதத்துக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு ஆகஸ்டும் என் மனைவி கசில்டா என்னை மூட்டை கட்டி, புர்கோஸ் பக்கத்தில் இருக்கும் அவள் அக்கா லியோகாடியா வீட்டுக்குக் கொண்டுபோவாள். முப்பத்தொரு நாள். அந்த ஊரில் கோதுமை வயல் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் இன்னொரு கோதுமை வயல் இருக்கிறது. தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் அழுதால்தான் உண்டு.

சாயங்காலமானால் லியோகாடியாவின் கணவர் எலுத்தேரியோ தன் கோவேறு கழுதையின் கதையை ஆரம்பிப்பார். கல்யாணமான புதிதில் நான் கேட்டபோது அந்தக் கழுதை ஒரு வாளியை உதைத்தது. பத்து வருஷம் கழித்து ஒரு கதவை உதைத்தது. போன வருஷம் வரி வசூலிக்க வந்த அதிகாரியை அவருடைய காரோடு சேர்த்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் உதைத்துத் தள்ளிவிட்டது. அந்த ஊரில் ஆறே கிடையாது. பொய் பேசுகிறவர்களை எனக்கு அறவே ஆகாது. நான் ஒருமுறை பிடித்த கணவாய் மீன் கக்கிய மையில் எங்கள் சாந்தாந்தேர் நகராட்சி ஆபீஸ் ஒரு வருஷம் கடிதம் எழுதியது. அதைக்கூட நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

இந்த வருஷம் விஷயம் வேறு. நாற்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். கடலை மேலேயிருந்து பார்த்தே ரிட்டயர் ஆனேன். கூட வேலை பார்த்த தொரிபியோ ஒரு பழைய படகை வாங்கி, இரண்டு குளிர்காலம் பாடுபட்டு, மிதக்கிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தான். இடது பக்கம் முழுக்க நான் சுரண்டி, நான் பெயிண்ட் அடித்தது. அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம்.

"டேய் செலே, ஆகஸ்ட்ல கணவாய் வந்துடும். நீ வர்றியா இல்லையா, இப்பவே சொல்லு. வரலேன்னா மருந்துக்கடைக்காரரைக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"அந்த ஆளுக்கு இருமல் மருந்து குலுக்கினாலே குமட்டும்டா!"

"குமட்டினாலும் வர்றேன்னு சொல்றாரே. நீ உன் பொண்டாட்டிகிட்டே கேட்டுட்டு வா."

கேட்கிற விஷயமா இது? கசில்டாவிடம் கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலுக்குப் பிறகு பேச்சே கிடையாது. எங்கள் வீட்டில் பெரிய வழக்குகளுக்கென்று தனியாக ஒரு கோர்ட் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஸ்பெயின் தேசத்தில் நாலு பேர் ஒரு தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டால் கடைசியில் ஒரே ஒரு துண்டு மிஞ்சும். அதை யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் பெருந்தீனிக்காரன் என்று பேர். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவோம். அந்தத் துண்டுக்குக் கூச்சத் துண்டு என்று பெயர். பசியால் செத்தவர்களைவிடக் கூச்சத் துண்டைப் பார்த்துக்கொண்டே செத்தவர்கள் எங்கள் ஊரில் அதிகம்.

எங்கள் கல்யாண விருந்தன்றும் ஒரு துண்டு மிஞ்சியது. உப்பிட்ட மீன் வைத்த குரோக்கெட். பாலும் மாவும் சேர்த்துக் களியாகக் கிண்டி, உள்ளே மீனைப் போட்டு, கட்டைவிரல் நீளத்துக்கு உருட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். விருந்தாளிகள் போய்விட்டார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் அதையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் நான் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"ஓகோ," என்றாள் புதுப்பெண். "கூச்சமில்லாம எடுத்தது நீ. அப்படின்னா எங்க குடியிருக்கிறதுங்கிறதை நான் சொல்றேன்."

அன்றைக்கு விழுந்த சட்டம் நாற்பத்து மூன்று வருஷமாக அமலில் இருக்கிறது. பெரிய தகராறு வந்தால் ஓட்டலுக்குப் போவோம். ஒரு தட்டு குரோக்கெட். மாற்றி மாற்றி ஆளுக்கு ஒன்று. கடைசித் துண்டை எவர் கை எடுக்கிறதோ அவர் தோற்றார். வீடு, பையனுடைய பெயர், நாயுடைய பெயர், நாயே வேண்டுமா என்பது, எல்லாம் அப்படித்தான் தீர்ந்தன. நான் ஒரே ஒரு முறை ஜெயித்திருக்கிறேன். அன்றைக்கு அவளுக்குப் பல்வலி.

ஆகவே இந்த முறை தயாரிப்போடு போவது என்று தீர்மானித்தேன். தொரிபியோவும் நானும் உட்கார்ந்து போட்ட திட்டத்தை எந்த ராணுவமும் போட்டிருக்காது.

முதலாவது, வயிறு. ஓட்டலுக்குப் போகிற அன்று மதியம் தொரிபியோ வீட்டில் பீன்ஸும் பன்றிக்கறியும் போட்ட குழம்பை இரண்டு கிண்ணம் நான் சாப்பிட வேண்டும். நிறைந்த வயிற்றுக்காரனுக்குச் சபலம் ஏது? அதே சமயம் கசில்டா பட்டினி கிடக்க வேண்டும். அதற்காகக் காலையிலேயே வீட்டிலிருந்த ரொட்டியைக் குடை மாட்டுகிற அலமாரியில் ஒளித்து வைப்பது.

இரண்டாவது, கிளாஸ். 'மூன்று நங்கூரம்' ஓட்டலில் பாரையும் அடுக்களையையும் பார்த்துக்கொள்கிற லிசார்தோ என் பழைய சிநேகிதர். அவளுக்குக் கலக்குகிற காக்டெய்லில் ஜின்னைத் தாராளமாக ஊற்றி, எனக்கு வெறும் சோடாவில் எலுமிச்சைத் தோல் போட்டுக் கொடுத்துவிடச் சொல்வது. இதற்குக் கூலியாக, கணவாய் கூட்டமாக வரும் இடத்தை அவருக்குச் சொல்லிவிட்டேன். கலங்கரை விளக்கமும் பழைய ஆலையின் புகைபோக்கியும் ஒரே கோட்டில் வருகிற இடம். என் அப்பா எனக்கு மட்டும் சொன்னது. என் தம்பிக்குக்கூடத் தெரியாது.

மூன்றாவது, தட்டு. அவள் உயிரையே விடுகிற உப்பு மீன் குரோக்கெட்.

திட்டம் அவ்வளவு கச்சிதமாக அமைந்துவிட்டதால் கொண்டாட்டத்தை ஒத்திப்போட மனசு வரவில்லை. வியாழக்கிழமை கசில்டா மாதா கோயில் பாட்டுக்குழுவுக்குப் போனதும், பேத்தியின் ஞானஸ்நானத்துக்கென்று வைத்திருந்த சிவப்பு ஒயினை எடுத்து எங்கள் அடுக்களையிலேயே திறந்தோம். வரப்போகிற வெற்றிக்காகக் குடித்தோம். கணவாய்க்காகக் குடித்தோம். மருந்துக்கடைக்காரரின் ஆரோக்கியத்துக்காகவும் குடித்தோம். பிறகு கிளாசைக் கழுவித் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன். புட்டியை மூன்று தெரு தள்ளிப் போய்க் குப்பையில் போட்டேன். கொலை செய்தவன்கூட அவ்வளவு சுத்தமாகத் தடயம் அழித்திருக்க மாட்டான்.

சனிக்கிழமை மாலை எட்டு மணி. எங்கள் ஊர்க் கோடையில் வெயில் இன்னும் தண்ணீர்மேல் பளபளவென்று கிடந்தது. 'மூன்று நங்கூரம்' பாரில் ஜன்னல் ஓரத்து மேஜை. கசில்டா கருநீல உடை போட்டு, காதில் முத்துத் தோடு மாட்டி வந்திருந்தாள். ரொட்டி கிடைக்காமல் மதியம் இரண்டு கீரை இலையைத் தின்றவள். நான் பீன்ஸ் குழம்பைச் சுமந்துகொண்டு மெதுவாக உட்கார்ந்தேன். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போடும்படி ஆகிவிட்டது.

"வாங்க கசில்டா அம்மா, வாங்க செலெதோனியோ ஐயா. என்ன வழக்கு இன்னிக்கு?" என்றார் லிசார்தோ. ஊருக்கே எங்கள் கோர்ட் தெரியும்.

"ஆகஸ்ட் மாசம்," என்றாள் கசில்டா. "எங்க அக்கா வீடா, இவரு கடலான்னு."

"அடேயப்பா. பெரிய வழக்கு." என்னைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தார். எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

முதலில் ஆலிவ் காய் வந்தது. நெத்திலியும் ஊறவைத்த பச்சை மிளகாயும் குச்சியில் குத்தி வந்தது. அவளுக்கு வெர்மூத் ஒயினும் ஜின்னும் கலந்த சிவப்புக் காக்டெய்ல். எனக்கு உயரமான கிளாசில் என் சோடா. ஒரு மடக்கு குடித்தேன். சோடா கொஞ்சம் காரமாக இருந்தது. நல்ல நடிகர் லிசார்தோ, எவ்வளவு தத்ரூபமாகச் செய்திருக்கிறார் என்று வியந்தேன்.

"ஏன்யா, குச்சியைத் தொடவே இல்லை? நெத்திலின்னா தட்டையே நக்குவியே."

"பசி அடங்கிப்போற வயசும்மா."

"அப்படியா? மீசையில பீன்ஸ் தோல் ஒட்டியிருக்கு."

துடைத்துக்கொண்டேன். "அது... காலையிலேருந்து இருக்கு."

"காலையில நம்ம வீட்டுல பீன்ஸ் ஏது? ரொட்டியே காணோம்."

நல்லவேளை, அதற்குள் லிசார்தோ குரோக்கெட் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஏழு. பொன் நிறம். ஆவி பறந்தது. அவள் பக்கத்து ஓரத்தில் இருந்த ஒன்றின் மேல் மட்டும் அலங்காரத்துக்கு ஒரு பச்சை இலை. பெரிய ஓட்டல் என்றால் இப்படி ஏதாவது செய்வார்கள்.

"நீ ஆரம்பி," என்றேன் பெருந்தன்மையாக.

அவள் ஒன்றை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நான் ஒன்றை எடுத்தேன். சட்டம் அப்படி, கடைசித் துண்டைத் தவிர மற்றதை முறை வந்தால் தின்றே ஆக வேண்டும். அந்தக் குரோக்கெட் உள்ளே போய், குழம்பின் மேல் இடம் தேடி, கிடைக்காமல் தொண்டையிலேயே குடியேறியது.

"என்னய்யா, கண்ணுல தண்ணி?"

"சூடு."

"ஊதிச் சாப்பிடு. லிசார்தோ, இவருக்கு இன்னொரு கிளாஸ் கொடுங்க."

"எனக்கு எதுக்கு? உனக்குத்தான் இன்னொண்ணு."

"ரெண்டு பேருக்கும் கொடுங்க."

இரண்டாவது சுற்று வந்தது. அவள் இரண்டாவது காக்டெய்லில் பாதியைக் குடித்தாள். கை ஆடவில்லை. நாக்கு குழறவில்லை. முதுகுதான் இன்னும் நிமிர்ந்தது. எனக்கு மாத்திரம் துறைமுகத்தில் நின்ற கப்பல் இரண்டாகத் தெரிந்தது. ஒன்றின் பெயர் மட்டும் மங்கலாக இருந்தது.

அவள் இரண்டாவது குரோக்கெட்டை எடுத்தாள். என் முறை. முள்கரண்டியை நீட்டினேன். அது தானாக அந்த இலை வைத்த துண்டின் பக்கம் போனது.

"இதென்ன பழக்கம்? மேஜை தாண்டிக் கை நீட்டுறே! உன் பக்கத்துல இருக்கிறதை எடுய்யா. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

சரிதான் என்று என் பக்கத்தில் இருந்ததை எடுத்தேன். தின்றேன். பீன்ஸ் ஒவ்வொன்றும் எழுந்து நின்று அதற்கு வழிவிட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"அக்கா போன் பண்ணினா," என்றாள் கசில்டா. "எலுத்தேரியோ அத்தான் உன்னைக் கேட்டாராம்."

"கழுதை நல்லா இருக்கா?"

"செத்து முப்பது வருஷமாச்சு."

"செத்தா என்ன, வருஷா வருஷம் வளருதே."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மூன்றாவதை எடுத்து வாயில் போட்டாள். தட்டில் இரண்டு மிஞ்சின. ஒன்று என் பக்கம், குண்டாக, ஓரத்தில் களி லேசாக எட்டிப் பார்க்க. இன்னொன்று அவள் பக்கம், இலையோடு, ஒல்லியாக.

என் முறை. இதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கூச்சத் துண்டு. அதன்பிறகு இவள் பசி, இவள் காக்டெய்ல், இவளுக்குப் பிடித்த உப்பு மீன். என் வேலை, சும்மா உட்கார்ந்திருப்பது. அதில் எனக்கு நாற்பத்து மூன்று வருஷப் பயிற்சி உண்டு.

"செலே," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "அந்தக் குண்டு எனக்கு இருக்கட்டும். நீ ஒல்லியை எடுத்துக்கோ."

ஆகா! பசி பேச ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு நாளில் அவள் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

"பக்கத்துல இருக்கிறதைத்தான் எடுக்கணும்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். அதுக்காக இப்படியா? கொஞ்சம் விட்டுக்கொடுய்யா."

"சட்டம்னா சட்டம்," என்று குண்டை எடுத்து வாயில் போட்டேன். உயிர் போகிற மாதிரி இருந்தது. ஆனாலும் முகத்தில் சந்தோஷத்தை வைத்துக்கொண்டேன். அவள் பெருமூச்சு விட்டு, கைக்குட்டையால் உதட்டைத் தொட்டுக்கொண்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆகஸ்டில் அவளுக்கு வாரம் ஒரு கடிதம் போடவேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

பிறகு நாங்கள் காத்திருந்தோம்.

கால் மணி. மழையைப் பற்றிப் பேசினோம். அரை மணி. பேத்தியின் முன்பல்லைப் பற்றிப் பேசினோம். பக்கத்து மேஜைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் தட்டைப் பார்த்தார்கள். லிசார்தோ வந்து, "எடுத்துடலாமா?" என்றார். "தொடாதீங்க!" என்றேன். நான் அவளுக்கு ஆசை காட்ட ஆரம்பித்தேன்.

"வாசனை பார்த்தியா கசில்டா? நல்ல உப்பு மீன் போலிருக்கு."

"ம்."

"பொரிச்ச பதம் பாரு. கடிச்சா மொறுமொறுன்னு உடையும். உள்ளே அப்படியே வெண்ணெய்."

"கடிச்சா உடையுமா?"

"உடையாம?"

"சந்தேகமா இருக்கே," என்று முள்கரண்டியின் பின்பக்கத்தால் அதை லேசாகத் தட்டினாள்.

டொக்.

நான் நாற்பது வருஷம் துறைமுகத்தில் வேலை செய்தவன். எல்லாப் பொருளின் சத்தமும் எனக்குத் தெரியும். அது மீனின் சத்தம் இல்லை. மாவின் சத்தமும் இல்லை.

"நான் தட்டத்தான் செஞ்சேன், எடுக்கலை," என்றாள். "நீ குத்திப் பாரு."

குத்தினேன். முள்கரண்டி உள்ளே போனது. வெளியே வர மறுத்தது. தூக்கினேன். இலை விழுந்தது. ரொட்டித் தூள் உதிர்ந்தது. முள்கரண்டியின் நுனியில், நன்றாகப் பொன் நிறத்தில் பொரிந்த நிலையில், ஒரு ஒயின் புட்டியின் தக்கை.

"இது குரோக்கெட் இல்லை," என்றேன், குழறிக்கொண்டு.

"இல்லைதான். அப்ப தட்டுல இருந்த கடைசிக் குரோக்கெட் எது?"

என் வயிற்றில் அது பதில் சொன்னது.

"குண்டைத் தின்னது யாருய்யா? வேண்டாம் வேண்டாம்னு நான் கெஞ்சினேனே! இத்தனை பேர் சாட்சி."

பக்கத்து மேஜைக்காரர்கள் கை தட்டினார்கள். நான் லிசார்தோவைப் பார்த்தேன். அவர் ஒரு கிளாசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே காய்ந்திருந்தது.

"லிசார்தோ! இது என்ன அக்கிரமம்?"

"ஐயா, நான் பொரிக்கிறவன். காலையில அம்மா மார்க்கெட்டுக்குப் போற வழியில கொண்டுவந்து கொடுத்தாங்க. அடுக்களைக்கு வந்ததைப் பொரிச்சேன். தன் பக்கம் இருக்கட்டும், அடையாளத்துக்கு இலை வைங்கன்னாங்க. வெச்சேன்."

"அப்போ என் சோடா?"

"உங்களுக்கு ஜின், அம்மாவுக்குச் சிவப்புச் சர்பத்துன்னு அம்மா மாத்திச் சொன்னாங்க."

"நான் உமக்குக் கணவாய் இடத்தைச் சொன்னேனேய்யா! என் தம்பிக்குக்கூடச் சொல்லாத இடத்தை!"

லிசார்தோ முதல் தடவையாகக் கொஞ்சம் கூசினார். "சொன்னீங்க ஐயா. ரொம்ப நன்றி. ஆனா இடம் மட்டும் தெரிஞ்சு என்ன செய்ய, படகு வேணுமே. நீங்க அக்கா வீட்டுக்குப் போனா தொரிபியோ ஐயா படகுல ஓர் இடம் காலியாகும்னு அம்மா சொன்னாங்க. தொரிபியோ ஐயாகிட்டேயும் அம்மாவே இன்னிக்குக் காலையில பேசிட்டாங்க. மருந்துக்கடைக்காரரைவிட, பொரிக்கத் தெரிஞ்ச ஆள் தேவலைன்னாராம்."

இன்றைக்குக் காலையில்! மதியம் எனக்கு இரண்டாவது கிண்ணம் பீன்ஸ் ஊற்றியபோது அவன் கை ஏன் அவ்வளவு தாராளமாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

"கசில்டா," என்றேன். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் தக்கையை முள்கரண்டியிலிருந்து பிடுங்கினாள். கைக்குட்டையால் ரொட்டித் தூளைத் துடைத்தாள். என் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, அதை என் கண் முன்னால் பிடித்தாள். அதில் அச்சடித்திருந்த வருஷத்தைப் படித்தேன். பேத்தி பிறந்த வருஷம்.

"வெள்ளிக்கிழமை அடுக்களையைத் துடைச்சேன். ஃபிரிட்ஜுக்கு அடியில உருண்டு கிடந்துச்சு. கிளாசெல்லாம் பளபளன்னு கழுவி வெச்சிருக்கு. நாற்பத்து மூணு வருஷத்துல நீ ஒரு கிளாஸ் கழுவினது இல்லை. நீ என்னமோ பெரிசா ஜெயிக்கப் போறதா நினைச்சிருக்கேன்னு புரிஞ்சுது. காலையில லிசார்தோகிட்டே கேட்டேன், மிச்சத்தை அவர் சொல்லிட்டார். ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே கொண்டாடுறவன் நீ ஒருத்தன்தான்யா."

திரும்பி வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கப்பல் இன்னும் இரண்டாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் குடை அலமாரியைத் திறந்து ரொட்டியை எடுத்து, ஒரு துண்டு வெட்டி, ஆலிவ் எண்ணெய் விட்டுத் தின்றாள். எனக்கும் வேண்டுமா என்று கேட்டாள். அதுதான் அன்றைக்கு அவள் செய்த ஒரே கொடுமை.

ஆகஸ்ட் முதல் தேதி பஸ்ஸில் ஏறினோம். கடல் ஜன்னலுக்குப் பின்னால் போய், குன்றுக்குப் பின்னால் போய், இல்லாமல் போனது. நான் மூக்கை உறிஞ்சினேன். கசில்டா கைப்பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய ஒன்றை என் மடியில் வைத்தாள். பிரித்தேன். அந்தத் தக்கைதான். நடுவில் ஓட்டை போட்டு, தூண்டில் நரம்பு கோத்து, கீழே ஒரு முள்ளும் கட்டியிருந்தாள். அழகாக இருந்தது. அதற்குச் சிவப்புப் பெயிண்ட்கூட அடித்திருந்தாள்.

"மிதவை," என்றாள். "அழாதேய்யா. அக்கா வீட்டுக் கொல்லையில அந்தக் கழுதைக்குத் தண்ணி வெச்ச தொட்டி இன்னும் இருக்கு. நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கோ."

இன்றைக்கு ஆகஸ்ட் பதினேழு. எலுத்தேரியோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், கழுதை மாதா கோயில் கோபுரத்தை உதைக்கப் போகிறது, தொட்டியில் இதுவரை ஒன்றும் கடிக்கவில்லை.